பூஜ்யம் நீளமுள்ள பாதை

பிற்பகல் 2.10. கணித நிறுவனத்தின் முதல் மாடியில், நகல் எந்திரத்தின் தட்டில் ஒரு தாள் கிடந்தது. வேறு எதையோ நகலெடுக்க வந்த இயக்குநர் அதைக் கையிலெடுத்தார்; இரண்டு முறை படித்தார்; வந்த காரியத்தை மறந்து தம் அறைக்குத் திரும்பினார்.

2.25க்குக் கீழ்த்தளத்தில் தொடுநூல் பிரிவின் தொலைபேசி ஒலித்தது.

"விரலக்கா, தம்பியைக் கூட்டிக்கிட்டு உடனே மேல வாங்க. வழியில யார்கிட்டயும் நின்னு பேச வேண்டாம்."

விரலக்கா அங்கே மெய்ப்பு வாசிப்பவள். பிறவியிலேயே பார்வை கிடையாது. பார்க்க முடியாதவர்களுக்கான கணித நூல்களை, புடைத்த புள்ளிகளாகவும் புடைத்த கோடுகளாகவும் அந்தப் பிரிவு தயாரித்தது. அவள் விரலுக்குத் தப்பி ஒரு பக்கமும் வெளியே போனதில்லை. 'விரலக்கா' மாணவர்கள் வைத்த பெயர். பிறகு நிறுவனம் முழுவதற்கும் அதுவே நிலைத்துவிட்டது. அவளுடைய கூடப்பிறந்த தம்பிக்கும் பார்வை இல்லை. அலமாரியும் சாவியும் அவன் பொறுப்பு.

மேலே மூன்று பேர் காத்திருந்தார்கள். இயக்குநரின் பேனா மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது. துணைப் பதிவாளரின் காலணி இருப்புக்கொள்ளாமல் தரையைத் தேய்த்தது. மூன்றாமவர் அசையவேயில்லை, அவருடைய சுண்ணக்கட்டி வாசனை மட்டும் அவரைக் காட்டிக்கொடுத்தது. நுழைவுத் தேர்வுக்கு ஏழு வழிகாட்டி நூல்கள் எழுதிய உதவிப் பேராசிரியர் அவர். 'வழிகாட்டி' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

"நாளைக் காலை பத்து மணிக்குத் தேர்வு" என்றார் இயக்குநர். "பிரெயில் தாளோட ஒன்பதாம் கேள்வி, விடையோட, நகல் எந்திரத்துல கிடக்குது. கணினியில அச்சடிச்சது."

மையில் அச்சான வினாத்தாளின் ஒன்பதாம் கேள்வி வழிகாட்டி அமைத்தது: பதினான்கு ஊர்கள், முப்பத்தொரு பாதைகள், குறைந்த தூரம் கண்டுபிடிக்க வேண்டும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடிய அந்தப் படத்தை விரலால் பின்தொடர முடியாது என்று போன மாதம் விரலக்கா திருப்பி அனுப்பினாள். பதிலுக்கு ஐந்து ஊர்களும் ஏழு பாதைகளும் கொண்ட வேறொரு வலையை அவளே அமைத்தாள். இயக்குநர் காதால் கேட்டு ஒப்புதல் தந்தார். அந்த வலை மையில் எழுதப்பட்டதே இல்லை. உலகத்தில் அதற்கு இருந்தது ஒரே ஒரு தாள். அது தம்பியின் அலமாரியில் இருந்தது. பிள்ளைகளுக்கான பிரதிகளை அதிலிருந்து தேர்வன்று காலையில்தான் எடுப்பார்கள்.

"அப்ப பிரெயில் படிக்கத் தெரிஞ்ச ஆள்தான் எடுத்திருக்கணும்" என்றார் துணைப் பதிவாளர். "சாவி யார்கிட்ட இருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்லை."

"சொல்லிட்டீங்களே சார்" என்றாள் விரலக்கா.

"அக்கா, நான்..." என்று தொடங்கினான் தம்பி. அவள் அவன் மணிக்கட்டைத் தொட்டாள். அவன் நிறுத்திக்கொண்டான்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "அஞ்சு மணிக்கு நான் தேர்வுக் குழுவுக்குப் பதில் சொல்லியாகணும். பதில் இல்லைன்னா பிரெயில் தேர்வு ரத்து. தம்பி மேல போலீசுக்குப் புகார். பதினோரு பிள்ளைங்க விடுதியில வந்து இறங்கியாச்சு. அவங்களை நான் எந்த முகத்தோட திருப்பி அனுப்புவேன்னு எனக்கே தெரியலை."

"இந்த வருஷம் மட்டும் ரத்தா?" என்று கேட்டாள் விரலக்கா.

"ஒரு தடவை கசிஞ்ச தாளை யாரும் மறுபடி நம்ப மாட்டாங்க."

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் வழிகாட்டி. குரலில் கோபமில்லை, களைப்புதான். "எல்லாருக்கும் ஒரே தாள் இருக்கணும். தனித் தாள்னு வந்தா, தனிச் சந்தேகமும் கூடவே வரும்."

"அந்த எண்களை வாசிங்க சார்" என்றாள் விரலக்கா, இயக்குநரிடம்.

"புறப்படற ஊருக்குச் சதுரக் குறி, அதுலேர்ந்து ரெண்டு பாதை பிரியுது. ஒன்னு ஆறு, இன்னொன்னு ஏழு. அந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல அஞ்சு. அப்புறம் பூஜ்யம், மூணு. கடைசியா, போய்ச் சேர வேண்டிய முக்கோணக் குறி ஊருக்குப் போற ரெண்டு பாதை, ஒன்பதும் நாலும். கீழ விடை எழுதியிருக்கு: 'பூஜ்யம் நீளமுள்ள பாதையின் இரு முனைகளையும் ஒரே புள்ளியாகக் கருதலாம். எனவே குறைந்த தூரம் பத்து.'"

"அது நான் போட்ட எண்ணே இல்ல."

"இணைப்பு எல்லாம் நீங்க எனக்குச் சொன்ன மாதிரியே இருக்கும்மா. எண் மட்டும்தான் மாறியிருக்கு."

"மனப்பாடம் பண்ணிட்டுப் போய் யாருக்காவது சொல்லியிருப்பான்" என்றார் துணைப் பதிவாளர். "அவசரத்துல நாலு எண் தடுமாறத்தான் செய்யும்."

"அஞ்சு மணி வரைக்கும் எனக்குக் கொடுங்க சார்" என்றாள் அவள்.

2.55. அலமாரி எல்லோர் முன்னிலையிலும் திறக்கப்பட்டது. உறையின் அரக்கு முத்திரை உடையாமல் இருந்தது. இயக்குநரும் பார்த்து உறுதி செய்தார். விரலக்கா உறையைப் பிரித்து, கேள்விக்கு ஒன்றாக இருந்த பத்துத் தாள்களையும் வரிசையாக உள்ளங்கையால் தடவிக்கொண்டு போனாள். முதல் எட்டுத் தாள்களில் புள்ளிகள் மேலெழுந்து கையில் இடறின. ஒன்பதாவதில் மட்டும் சிறுசிறு குழிகள் தட்டுப்பட்டன. அதைத் திருப்பி வைத்துக்கொண்டு பத்தாவதுக்குப் போனாள். அது சரியாகவே இருந்தது.

பிறகு ஒன்பதாம் தாளை வாசித்தாள். மேலே இயக்குநர் சொன்ன அதே பாதை வரிசையில் அவளுடைய எண்கள் வந்தன: நான்கு, ஏழு, ஒன்பது, எட்டு, மூன்று, ஐந்து, ஆறு. மூன்றிலிருந்து ஒன்பது வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு முறை. அது அவள் தனக்குத்தானே வைத்துக்கொண்ட ஒரு விளையாட்டு. குறைந்த தூரம் பன்னிரண்டு.

3.15. மற்றவர்கள் மேலே போன பின் தம்பியைத் தனியே உட்காரவைத்தாள்.

"நேத்து உறையை மூடறதுக்கு முன்னாடி யார் யார் வந்தாங்க?"

"காலையில பதினோரு மணிக்கு வழிகாட்டி சார். மத்தக் கேள்விங்களை நான் தடவி வாசிக்க, மைத்தாளோட ஒத்துப்போகுதான்னு பார்த்துக் கையெழுத்துப் போடணும்ல. மூணு இருபதுக்குத் துணைப் பதிவாளர். தாளை எண்ணிட்டு முத்திரை வச்சாரு."

"நீ பக்கத்துலயே இருந்தியா?"

அவன் கையிலிருந்த சாவிக்கொத்தை உருட்டத் தொடங்கினான்.

"டேய்."

"காலையில ஃபோன் அடிச்சுது, எடுக்கப் போனேன். மத்தியானம் அரக்கு தேடப் போனேன். ரெண்டு தடவையும் அஞ்சு நிமிஷம்தான்க்கா. பெரிய மனுஷங்க, அவங்களை எப்படி வெளிய நில்லுங்கன்னு சொல்றது?"

"வாயால சொல்றது."

"என்னை நம்புறியா, இல்லையா?"

"நம்பிக்கையைக் கணக்குல எடுத்துக்க மாட்டாங்கடா" என்றாள். "எட்டைத் தடவிப் பார்த்து எப்பவாவது பூஜ்யம்னு படிச்சிருக்கியா?"

"தூக்கத்துலகூட இல்ல."

3.30. அடுத்த அறையில் படக்காரம்மா ரப்பர் விரிப்பின்மேல் தாளைப் பரப்பிப் பற்சக்கரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். புடைப்புப் படங்களைக் கையால் செய்பவள். பிரிவில் பார்வையுள்ளவள் அவள் ஒருத்திதான். கசிந்த தாளின் படத்தை விரலக்காவுக்காகப் புடைத்துத் தரும்படி கேட்டிருந்தார்கள்.

"வாடி விரலு. உன் படத்தை எவனோ நாசம் பண்ணி வச்சிருக்கான். நீ ஊரெல்லாம் சுத்திவர வட்டமா வச்சே. இவன் அஞ்சையும் பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி ஒரே வரிசையில நிறுத்திட்டு, பாதையை மட்டும் வில்லு வில்லா வளைச்சிருக்கான்."

"இணைப்பு?"

"அதெல்லாம் அச்சு அசலு."

விரலக்கா சக்கரத்தின் கடகடப்பைக் கேட்டபடி நின்றாள். "எப்பவும் பின்பக்கத்துலதானே வரையறீங்க?"

"பதினாறு வருஷமா தடவிட்டு இப்பக் கேக்குறா பாரு. பின்பக்கம் பென்சிலால வரைஞ்சு, அதுமேல சக்கரத்தை உருட்டுனாத்தான் முன்பக்கம் மேடு எழும்பும். இடம் வலமா, வலம் இடமா யோசிச்சு யோசிச்சு எனக்குச் செருப்புக்கூட மாறிப்போகுது."

"முடிஞ்சதும் பென்சிலை அழிச்சிடுவீங்களா?"

"அழிச்சா ரப்பர் பட்டு மேடு நசுங்கும், நீ வந்து கத்துவே. முன்பக்கம் பளிச்சுனு வெள்ளை, பின்பக்கம் என் கிறுக்கல். உங்களுக்கு ரெண்டும் ஒன்னுதானே."

"எண்ணுக்கும் பென்சில் போடுவீங்களா?"

"எண்ணுக்கு எதுக்கு? நேரா எழுத்தாணியால குத்துறதுதான். படத்துல இடம் பத்தாதுன்னு எண்ணுக்கு முன்னால வர்ற எண்குறியையும் விட்டுடறோம். வெறும் புள்ளிங்கதான்."

விரலக்கா சுவரலமாரியைத் துழாவி ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தாள். வழிகாட்டியின் ஏழாம் நூல். போன ஆண்டு பிரிவுக்கு அன்பளிப்பாக வந்தது. "இதுல கடைசிப் பக்கத்துல என்னமோ இருக்குன்னு அப்பச் சொன்னீங்களே."

"பிரெயில் எண் அட்டவணை. பத்து எண்ணையும் கட்டம் கட்டிப் போட்டிருக்காரு. பார்க்க அழகாத்தான் இருக்கு."

விரலக்கா அந்தப் பக்கத்தைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. "நமக்காகப் போட்டது, நம்மாலதான் படிக்க முடியாது" என்றாள். படக்காரம்மா சிரித்தாள்; சக்கரம் ஒரு கோட்டைத் தவறவிட்டது.

3.45. துணைப் பதிவாளரின் அறை.

"ஒன்பதாம் தாளைத் திருப்பிப் பார்த்தீங்களா சார்?"

"எதுக்கு? ஓரத்தைப் பிடிச்சு எண்ணினேன். எனக்கு அது பத்து வெள்ளைத்தாள். அதுக்காக ஒன்னும் தெரியாதவன்னு நினைச்சுடாதீங்க. மின்தூக்கிப் பொத்தான்ல இருக்கற புள்ளி எண்ணெல்லாம் நான் படிப்பேன்."

"அந்த விடைத்தாள்ல ஒரு பாதைக்குப் பூஜ்யம்னு போட்டிருக்கே, அது பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"நானே கேக்கணும்னு இருந்தேன். பூஜ்யம் தூரம்னா அங்க எதுக்குப் பாதை? இந்த வாசல்லேர்ந்து இதே வாசலுக்கு ரோடு போடுவாங்களா? எவனோ தப்பா எழுதியிருக்கான்."

4.05. வழிகாட்டியின் அறை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தி, அதன் முதுகில் அவள் கையை மரியாதையாக வைத்தார்.

"ஒன்பதாம் தாளைப் பார்த்தீங்களா சார்?"

"தொடவே இல்லை. அது என் கேள்வி இல்லையே. என்னோடதைத்தான் நீங்க வேண்டாம்னுட்டீங்க."

"வருத்தமா?"

"இருபத்திரண்டு வருஷம் கேள்வி அமைக்கிறேன். ஒன்னுகூடத் திரும்பி வந்ததில்லை." கையிலிருந்த சுண்ணத் தூளைத் தட்டிவிட்டார். "அதைவிட, சுலபமான தாள் கொடுக்கறது அந்தப் பிள்ளைங்களுக்குப் பண்ற அவமானம்னு நான் நிஜமாவே நினைக்கிறேன்."

"சுலபம்னு எப்படித் தெரியும்?"

"ஐந்து ஊர்தானேம்மா. இயக்குநர் வாசிச்சாரே."

"அந்தப் பூஜ்யம் உங்களுக்கு உறுத்தலையா?"

"அதுல என்ன தப்பு? பாதையோட எடை, அதாவது நீளம், பூஜ்யமா இருக்கலாம். குறை எண்ணாக்கூட இருக்கலாம். ரெண்டு முனையையும் சேர்த்துட்டா கணக்கு சுருங்கும். உண்மையில, அது ஒன்னுதான் அந்தக் கேள்வியில அழகு."

"நன்றி சார்" என்று எழுந்தாள்.

4.40. இயக்குநரின் அறையில் ஆறு பேரும் கூடினார்கள். தம்பி சுவரோரம் நின்றான். மேசைமேல் ஒன்பதாம் தாளும் படக்காரம்மா செய்து தந்த பிரதியும் அருகருகே கிடந்தன.

"பதிவாளர் சார் சொன்ன மாதிரி, இது ஞாபகத் தடுமாற்றம்னே வச்சுக்குவோம்" என்று விரலக்கா தொடங்கினாள். "தடுமாற்றம்னா அதுக்கு ஒழுங்கு இருக்காது. இதுல இருக்கு. நான் போட்ட நாலு, தாள்ல ஆறு ஆயிடுச்சு. ஆறு, நாலு ஆயிடுச்சு. அஞ்சு ஒன்பது, ஒன்பது அஞ்சு. மூணும் ஏழும் அப்படியே இருக்கு. ஜோடி ஜோடியா இடம் மாறுற ஞாபக மறதியை நீங்க யாராவது பார்த்திருக்கீங்களா?"

இயக்குநரின் பேனா தட்டுவதை நிறுத்தியது.

"பிரெயில் எழுத்துக்கு ஆறு இடம். இடப்பக்கம் மூணு, வலப்பக்கம் மூணு. நாலுங்கற எண்ணை இடம் வலமா மாத்திப் பாருங்க, ஆறு வரும். அஞ்சை மாத்தினா ஒன்பது. மூணும் ஏழும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, அதனால மாறாது. எட்டை மாத்தினா பூஜ்யம்."

"கண்ணாடி பிம்பம்" என்றார் இயக்குநர் மெதுவாக.

"பின்பக்கம் சார். விரலால படிக்கறவங்களுக்குப் பின்பக்கம்னு ஒன்னு கிடையாது. அங்க வெறும் குழிதான். என் தம்பி ஆயிரம் தடவை திருடினாலும் எட்டுதான் எட்டும். படக்காரம்மா தினமும் இடம் வலம் மாத்தியே குத்துறவங்க. அவங்களும் ஏமாற மாட்டாங்க. இதை எடுத்தது கண்ணால படிச்ச ஆள். நேத்து வழிகாட்டி சாருக்கும் பதிவாளர் சாருக்கும் அஞ்சஞ்சு நிமிஷம் தாளோட தனியா இருக்கக் கிடைச்சுது. முன்பக்கம் வெள்ளைமேல வெள்ளை, ஒன்னும் புரியலை. புரட்டினாரு. பின்பக்கம் பென்சில் கோடு பளிச்சுனு தெரிஞ்சுது. அதைப் படம் பிடிச்சுக்கிட்டுப் போய், அட்டவணையைப் பக்கத்துல வச்சு, குழியைப் புள்ளின்னு நினைச்சுப் படிச்சாரு. அவசரத்துல தாளைக் குப்புற வச்சுட்டும் போயிட்டாரு. உறையைப் பிரிச்சப்போ ஒன்பதாவது மட்டும் என் கைக்குக் குழியா வந்துது. நானும் அப்ப அதைப் பெரிசா எடுத்துக்காம திருப்பி வச்சேன்."

"கண்ணால பார்த்தவங்கன்னா ரெண்டு பேர் இருக்காங்க" என்றார் வழிகாட்டி. அவர் குரல் தேர்வறைக் குரலாக, நிதானமாக ஒலித்தது. "பதிவாளருக்கும் அதே அஞ்சு நிமிஷம் கிடைச்சுது. அவருக்கும் புள்ளி எண் தெரியும், அவரே சொல்லிக்குவாரு. உங்க நிரூபணத்துல ஓட்டை இருக்கு."

"ஐயோ, என்னை ஏன் இழுக்கறீங்க?" என்றார் துணைப் பதிவாளர்.

"இருந்துது சார்; இப்ப அடைச்சாச்சு" என்றாள் விரலக்கா. "பதிவாளர் சார் பூஜ்யத்தைப் படிச்சிருந்தா அங்கேயே நின்னிருப்பாரு. 'தப்பாப் படிச்சுட்டோம்'னு சந்தேகம் வந்திருக்கும், தாளைத் திருப்பியிருப்பாரு. நீளமே இல்லாத பாதையைப் பார்த்துட்டு, துளிகூடச் சந்தேகப்படாம, 'ரெண்டு முனையையும் சேர்த்துடலாம்'னு எழுதறதுக்குக் கணிதம் படிச்சிருக்கணும். அதோட, ஊருங்களை எப்படி நிறுத்தினாலும் இணைப்பு மாறாதவரைக்கும் வலை ஒன்னுதான்னு அந்த ஆளுக்கு ரத்தத்துலயே ஊறியிருக்கு. அதனாலதான் அஞ்சு ஊரையும் வரிசையில நிறுத்தியிருக்காரு. அதனாலதான் தாளைப் புரட்டினதைப் பத்தியும் கவலைப்படலை. புரட்டினா வலை மாறாதுன்னு அவருக்குத் தெரியும்."

ஒரு நாற்காலி பின்னே நகர்ந்தது. சுவரிலிருந்த கரும்பலகையில் சுண்ணக்கட்டி தட்டும் சத்தம் கேட்டது. ஆறு புள்ளி இடங்கள், மறுபடி ஆறு. யாரோ எட்டை எழுதிப் புரட்டிப் பார்க்கிறார்கள். ஒன்பதைப் புரட்டிப் பார்க்கிறார்கள். சத்தம் நின்றது.

"வலை மாறலை" என்றார் வழிகாட்டி. "எண் மாறும்னு எனக்குத் தோணவே இல்லை." சுண்ணக்கட்டியைக் கீழே வைத்து, மிகத் தாழ்ந்த குரலில் சேர்த்தார்: "நிரூபணம் சரி."

"யாருக்காகய்யா?" என்று கேட்டார் இயக்குநர். "சொந்தக்காரப் பிள்ளை யாராவது எழுதுதா?"

"யாரும் இல்லை."

"பிள்ளைங்க யார்கிட்டயும் அந்தத் தாள் போகவே இல்லை சார்" என்றாள் விரலக்கா. "நீங்க நடமாடற இடத்துல, நீங்க எடுக்கறதுக்காகவே வச்சது. தனித்தாள் கசியும்னு காட்டணும், அவ்வளவுதான். அதுல என் தம்பி ஜெயிலுக்குப் போவான்கறதை மட்டும் அவர் கணக்குல சேர்த்துக்கலை."

வழிகாட்டி தம்பி நின்ற சுவரை நோக்கி இரண்டடி வைத்தார். அங்கிருந்து திரும்பி வெளியே நடந்தார். இயக்குநர் துணைப் பதிவாளரிடம் அவர் பின்னால் போகச் சொன்னார். பிறகு தொலைபேசியை எடுத்துக் குழுவை அழைத்தார். மணி 4.56.

பேசி முடித்ததும் பெருமூச்சு விட்டார். "தேர்வு நடக்கும். ஆனா ஒன்பதாம் கேள்விக்கு என்ன பண்றது? அது செத்துப்போச்சே."

"புதுசா ஒன்னு இருக்கு சார். படமே வேண்டாம். அதனால படக்காரம்மாவும் நேரத்துல வீட்டுக்குப் போகலாம்."

"என் செருப்பு எது எந்தக் கால்னு மட்டும் யாராவது சொல்லுங்க" என்றாள் படக்காரம்மா.

படியிறங்கும்போது தம்பி அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். பழகிய படிகள்தான்; இருவருக்குமே அந்தப் பிடி தேவையில்லை. கடைசிப் படி வரை அவன் விடவில்லை.

மறுநாள் காலை 10.00. விடுதியிலிருந்து வந்த பதினோரு பேரும் தாள்களைத் திருப்பினார்கள். அறையில் கேட்டதெல்லாம் விரல்கள் காகிதத்தில் ஊரும் சத்தம்தான். 10.50க்கு, மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் சிரிப்பு, அடக்கியும் அடங்காமல் வெளிப்பட்டது. அவள் ஒன்பதாம் கேள்விக்கு வந்திருந்தாள்:

'கண்ணால் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவர் பிரெயில் தாளைத் தவறுதலாகப் பின்பக்கமாகப் படிக்கிறார். மூன்று முதல் ஒன்பது வரையுள்ள எண்களில் எவை அவரை ஏமாற்றும், எவை ஏமாற்றா? காரணம் கூறுக.'